எம்25க்கு இந்தப்பக்கம்

காசு குடுத்துக் கஷ்டப்படுவதற்கு இந்த நாட்டுச் சனம் எத்தனையோ வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. மழைக்குள் கூடாரம் அடித்துப் படுக்கிறார்கள். பல்லுக் கிட்டுகிற குளிரில் கடலுக்குள் இறங்குகிறார்கள். ஆனால் ஒடுங்கின இரும்புப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதுக்குள்ளேயே சமைத்து, அதுக்குள்ளேயே படுத்து, நாய் கொண்டு நடக்கிறவன் கூட முந்திப் போகிற வேகத்தில் ஊத்தைக் கால்வாய்க்குள்ளால் போய், அதை விடுமுறை என்று சொல்கிறார்களே, அதுக்கு மேலே ஒன்றும் இல்லை. நரோபோட் என்று அதுக்குப் பெயர். நானும் அதில் ஏறினேன். அதுவும் கந்தசஷ்டி விரதத்தில், கையில் காப்போடு.

நான் மினிகாப் ஓட்டுகிறவன். ஓ.எல். வரைக்கும் படித்தேன், அதோடு சரி. மனோர் பார்க்கில் வீடு வாங்கினதே முருகன் கோயிலுக்கு நடந்து போகலாம் என்றுதான். ஒவ்வொரு வருசமும் சஷ்டி தொடங்கும் நாளில் கோயிலில் ஐயர் தருப்பைப் புல்லை முறுக்கி வலது கையில் காப்புக் கட்டி விடுவார். ஆறு நாளும் பின்னேரத்தில் கொஞ்சம் பாலும் பழமும்தான். ஆறாம் நாள் சூரன்போர் பார்த்து, அடுத்த நாள் காலையில் காப்பு அவிழ்த்துப் பாறணை செய்தால் விரதம் முடியும். காப்புக் கட்டினவன் அது அவிழ்க்கும் வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஆட்கள் சொல்லி நான் பிடித்து வந்த முறை அது.

லண்டனுக்கு எது ஊர் எல்லை? வந்த காலத்தில் நான் நிறைய யோசித்தேன். ஐயரைக் கேட்க, "மனசுக்கு ஒரு எல்லை வையுங்கோ, அதை மீறாதேங்கோ" என்றார். நான் வைத்தது எம்25. லண்டனைச் சுற்றி மதில் கட்டினது போல ஓடுகிற மோட்டார்வே அது. அதுக்கு உள்ளே லண்டன், வெளியே வேறு ஊர். சஷ்டி நாட்களில் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு ஓட்டம் வந்தால் எடுப்பேன், அது உள்ளுக்கு. கட்விக், லூட்டன் என்றால் மாட்டேன், அதுகள் வெளியே. கொன்ட்ரோலில் இருந்து ஓட்டம் பிரித்துக் குடுக்கிற பொடியள் சிரிப்பார்கள். "அண்ணை, முருகன் ஒரு பக்கம், லூட்டன் ஒரு பக்கம்" என்பார்கள். சிரிக்கட்டும். ஒரு வருசமும் நான் தாண்டினதில்லை.

அந்த வருசம் விரதம் பிடித்தது மகளுக்காக. அவள் ஸ்ட்ரெதமில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். மருமகன் கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. கலியாணமாகி நாள் சென்று தங்கின பிள்ளை, முந்தின வருசம் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அதுக்குப் பிறகு மகள் கோயிலுக்குள் வரவில்லை. சண்டை பிடிக்கவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காருக்குள் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன சொல்லப் போகிறாள். எனக்கு இருந்ததெல்லாம் அந்தக் காப்புத்தான். அவளுக்கு ஒரு குழந்தை வேணும் என்று சொல்லிக் கட்டினேன். மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை.

படகு யோசனை மருமகனுடையது. தண்ணியில் ஒரு கிழமை இருந்தால் மனசு ஆறும் என்று மகளோடு வேலை செய்கிற யாரோ சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறையும் சஷ்டியும் ஒன்றாய் வந்துவிட்டன. நான் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகள் போனில், "அப்பா, நீங்களும் வாங்கோவன்" என்றாள். ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது.

மருமகனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"தம்பி, எம்25 தாண்டக் கூடாது."

"தாண்ட மாட்டோம் மாமா. சூரசம்ஹாரத்துக்கு உங்களைக் கோயில்ல கொண்டு வந்து விடறது என் பொறுப்பு. எழுதிக் குடுக்கட்டுமா?"

"எழுத்து வேண்டாம். வாய்ச்சொல் போதும்."

முதல் நாள் கோயிலில் காப்பைக் கட்டிக்கொண்டு, அடுத்த நாள் கிரீன்ஃபோர்ட் பக்கம் போய் நாலு பேரும் படகில் ஏறினோம்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ரயில் பெட்டியை இரண்டு பக்கமும் நசித்தது போல ஒரு சாமான். எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் பின்பக்கமாய் நடந்துபோய் வழி விட வேண்டும். குசினிக்கு அடுத்தது கக்கூஸ். அதுக்குக் கீழே ஒரு பெட்டி. அது நிறைந்தால் கையால் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும் என்று படகுக்காரர் ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னார். குழாய் வைத்துக் கழுவிவிடுகிற நாட்டுக்கு வந்து, காசு கட்டி, கையில் காவுகிற காலத்துக்குத் திரும்பிப் போகிறார்கள். மருமகன் அதையும் போனில் வீடியோ எடுத்தார்.

"பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"பிரேக் இல்லை" என்று அந்த மனுசன் சிரித்தார். வேகமே இல்லாததுக்கு எதுக்குப் பிரேக் என்றார்.

ஓட்டுகிற விதமும் தலைகீழ். படகின் பின்னுக்கு நின்று ஒரு நீளத் தடியைப் பிடிக்க வேண்டும். இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் போகும். முப்பது வருசத்துக்கு மேல் இந்த நகரத்தில் ஸ்டியரிங் பிடித்த எனக்கு அது ஏறவில்லை. முதல் பாலத்தில் ஒரு இடி, இரண்டாம் வளைவில் இன்னொரு இடி. மருமகன் பிடித்தார், பற்றைக்குள் போய் நின்றது. அப்போது மனைவி, "தாருங்கோ பாப்பம்" என்று வந்தாள். கார் ஓட்டப் பழகு என்று நான் எத்தனை வருசம் சொல்லியும் மறுத்தவள். மறக்க வேண்டிய பழக்கம் ஒன்றும் அவளிடம் இல்லை. தடியைப் பிடித்தாள், படகு நடுத்தண்ணியால் நேரே போனது. அதுக்குப் பிறகு அவளைக் கீழே இறக்க முடியவில்லை. சாரியை இழுத்துச் செருகி, மேலே மகளின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, எதிரே வருகிற படகுக்காரருக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு நின்றாள்.

முதலில் லிட்டில் வெனிஸ் பக்கம் போய்த் திரும்பினோம். பெயரைக் கேட்டால் பெரிதாய் இருக்கும், போனால் ஒரு குளமும் கோப்பிக் கடையும். வழி முழுக்க எங்களை ஓடுகிறவர்கள் முந்தினார்கள், தள்ளுவண்டியில் குழந்தை கொண்டு போகிற ஒரு பெண் முந்தினாள், ஒரு வாத்துக் கூட முந்தினது. கரையில் கட்டியிருக்கிற படகுகளில் தாடிக்காரர்கள் கூரையில் விறகு அடுக்கி வைத்துக்கொண்டு, நாங்கள் வேகமாய்ப் போகிறோம் என்று கத்தினார்கள். வேகம். என்னைப் பார்த்து, அந்தப் படகில்.

ஒரு இடத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டேன். கால்வாய் நோர்த் சேர்க்குலர் ரோட்டுக்கு மேலால் பாலம் போட்டுப் போகிறது. அந்தப் பாலத்துக்குக் கீழே நெரிசலில் நான் இருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு வீடே கட்டியிருக்கலாம். அன்றைக்கு மேலே நின்று எட்டிப் பார்த்தேன். கீழே கார்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார். அவருக்கு மேலால் நான் தண்ணீரில் போனேன். அந்தச் சுகத்தை மறைக்க மாட்டேன்.

சவுத்ஹோல் பக்கம் வந்தபோது தண்ணீரில் தேங்காய்கள் மிதந்தன. பூசை முடித்த சனம் குப்பையில் போட மனமில்லாமல் கால்வாயில் விட்டவை. அதோடு என்ஜின் திணறி நின்றது. மருமகன் பின்பக்க மூடியைத் திறந்து, வயிற்றில் படுத்து, குளிர் தண்ணீருக்குள் கையை விட்டு இழுத்தார். படகைத் தள்ளுகிற விசிறியில் சுற்றிக் கிடந்தது ஒரு சிவப்புச் சேலை, சரிகைக் கரையோடு. அம்மனுக்குச் சாத்தினதாய் இருக்க வேண்டும்.

"மாமா, கத்தியால வெட்டிடவா?"

"சாமிச் சேலை. ஆறுதலாய்ச் சுத்தி எடுங்கோ."

"கை விறைச்சுப் போச்சு மாமா."

"மற்றக் கையாலை எடுங்கோ."

ஓடாத தண்ணீரில் கரைத்தால் எங்கே கரையும்? எங்கட சனத்துக்கு அது விளங்காது. ஆற்றில் விடச் சொன்னால், தண்ணியைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு போய்விடும். மனைவி சேலையை அலசிக் கூரையில் காயப் போட்டாள். கொடி கட்டின கப்பல் போல அதுக்குப் பிறகு போனோம்.

அதை எடுத்து முடித்துக் கரைக்குத் தாவினபோது மருமகன் படகுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்தார். ஆழமில்லை, இடுப்பளவுதான். தலையில் ஒரு பாசி. "இந்தக் கால்வாய்ல முதலை இருக்கான்னு யாராவது கேட்டீங்களா" என்று நின்றபடியே கேட்டார். மகள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கூரையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலையில் எல்லாரும் எழும்பும் முன் படகின் முன்பக்கத்தில் இருந்து கும்பிடுவேன். தண்ணீருக்கு மேலே பனிப்புகார் கிடக்கும், ஒரு கொக்கு அசையாமல் நிற்கும். முருகன் பெயரைச் சொல்லச் சொல்ல எங்கேயோ உள்ளே போய் விழும், வீட்டில் அப்படி வராது. ஒரு நாள் மகள் போர்வையோடு வந்து பக்கத்தில் இருந்தாள். கும்பிடவில்லை. என் கையில் இருந்த காப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது குத்தாதோ?"

"பழகிவிடும்."

அவ்வளவுதான் கதைத்தோம்.

விரதத்தின் ஐந்தாம் நாள் தலை கிறுகிறுத்தது. படகில் இருந்த குளிர்பெட்டி பற்றரி இறங்கி நின்றுவிட, முந்தின நாள் எனக்கென்று வைத்த பால் புளித்துப்போய், பழத்தோடு மட்டும் இருந்துவிட்டேன். மத்தியானம் உள்ளே போய்ப் படுத்தேன். வெஸ்ட் ட்ரேய்ட்டன் தாண்டியதும் ஒரு லொக் வரும் என்று மருமகனுக்குப் பயம். லொக் என்றால் தண்ணீரை அடைத்துப் படகை மேலே ஏற்றுகிற கதவு. அதில் ஒரு படகு கவிழ்ந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். கரையில் போன ஒருவரைக் கேட்க, அவர், இடது பக்கம் திரும்பு, ஸ்லவ் நகரம் வரைக்கும் லொக்கே இல்லை என்றிருக்கிறார். இவர் என் மனைவியிடம் சொல்லித் திருப்பிவிட்டார். என்னை எழுப்பவில்லை.

என்னை எழுப்பினது அந்தச் சத்தம். டயர் இரைச்சலில் ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு குரல் உண்டு. மூடின கண்ணோடு எனக்கு அது எதென்று தெரிந்தது. பின்பக்கம் ஓடி வந்து தலையை வெளியே நீட்டினேன். மனைவி தடியோடு நின்றாள், பக்கத்தில் மருமகன். மகள் படகின் மற்ற நுனியில், முன்னுக்கு இருந்தாள். எதிரே கொங்கிறீட் பாலம், மேலே லொறிகள்.

"தம்பி, மேல போறது என்ன ரோட்டு?"

"மோட்டார்வே மாமா."

"எந்த மோட்டார்வே?"

அவர் போனைப் பார்த்தார். "எம் டுவென்டி ஃபைவ் மாதிரித் தெரியுது."

"மாதிரி இல்லை. அதேதான். நிப்பாட்டுங்கோ."

"பிரேக் இல்லையே மாமா."

மனைவி என்ஜினைப் பின்னுக்குப் போட்டாள். படகு உதறிக்கொண்டு, முன்பக்கம் ஒருபக்கமாய் இழுபட்டு, சேற்றில் ஏறி நின்றது. நல்லாய்ப் பாருங்கோ எப்படி நின்றதென்று. மூக்கு பாலத்துக்கு அடியால் போய் மறுபக்கம் எட்டிப் பார்க்குது. வால் இந்தப்பக்கம், கரையோடு ஒட்டினபடி. மகள் எல்லைக்கு வெளியில், நான் உள்ளே.

"நீங்க இன்னும் தாண்டலை மாமா," என்றார் மருமகன். "டெக்னிக்கலா மூக்கு மட்டும்தான்."

"வாய்ச்சொல் போதும் எண்டனான், கண்டியளோ."

"லொக் பயத்துல மறந்தே போச்சு. ஆனா ஸ்லவ்லயும் ஸ்டேஷன் இருக்கு. நாளைக்குக் காலைல ட்ரெய்ன் ஏறினா சூரசம்ஹாரத்துக்கு முன்னாடியே போயிரலாம்."

"ஸ்டேஷன் இருக்கட்டும். எல்லை?"

மனைவிக்குத் தடியை விட மனமில்லை. "இஞ்சேருங்கோ, எல்லை ரோட்டிலதானே? நாங்கள் ரோட்டைத் தாண்டேல்லை. அதுக்குக் கீழாலதான் போறம்."

"நீர் சும்மா இரும்."

"முருகனே மயில் மேல உலகத்தைச் சுத்தினவர்தானே மாமா. அவர் இதுக்கெல்லாம் கோவிச்சுக்குவாரா?"

"அவர் கையில காப்புக் கட்டிக்கொண்டு சுத்தேல்லை."

மருமகனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்கு வரவில்லை. இறங்கினால் பிள்ளையின் விடுமுறையைக் கெடுத்தவன் நான். இருந்தால், அவளுக்காகக் கட்டினதை நானே அறுத்தவன். கையைப் பார்த்தேன். புல்தான், காய்ந்து நிறம் மாறியிருந்தது.

மகள் உள்ளுக்குள்ளால் நடந்து வந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது, பாலத்துக்கடியில் குரல் எதிரொலிக்கும். படியில் என் பக்கத்தில் இருந்தாள்.

"எனக்காகத்தானே அப்பா பிடிக்கிறியள்?"

"அம்மா சொன்னவவோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நேற்று நான் காப்பைத் தொடேக்க, நீங்கள் கையை ஆட்டாமல் வைச்சிருந்தனீங்கள்."

நான் சட்டைக் கையை இழுத்துக் காப்பை மூடினேன்.

"நடக்கிறதெண்டால் நடக்கும், நடக்காட்டில் நடக்காது," என்றாள். "நீங்கள் லூட்டனுக்கு ஓட்டம் போகாமல் விடுறதால ஒண்டும் மாறாது அப்பா."

"எனக்கும் தெரியும், பிள்ளை. ஆனால் என்னால செய்ய ஏலுமானது இது ஒண்டுதான்."

அவள் படியை விட்டு எழும்பினாள். பிறகு உள்ளே போனாள். கோபம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் என் சப்பாத்தும் ஒரு பையில் வாழைப்பழமும்.

"போடுங்கோ. ஸ்டேஷன் மட்டும் நானும் வாறன்."

கரையில் நாங்கள் இருவரும் கால் வைத்ததும் படகு ஒரு குலுக்குக் குலுக்கிச் சேற்றை விட்டு மிதந்தது. எங்கள் பாரம்தான் பிடித்து வைத்திருந்தது என்றார் மருமகன். நான் வேறு மாதிரி நினைத்தேன், சொல்லவில்லை. மனைவி கேட்டதும் கேட்காததுமாய் என்ஜினை முன்னுக்குப் போட்டு, சிவப்புச் சேலை பறக்கப் பாலத்துக்கடியால் போனாள். அவளுக்குக் காப்பு இல்லை, எங்கேயும் போகலாம்.

கால்வாய்க் கரையால் வெஸ்ட் ட்ரேய்ட்டனுக்குத் திரும்பி நடந்தோம். ரயில் வந்தது. "பாடிங்டன் மட்டும் வாறன்" என்றாள் மகள். பாடிங்டனில் இறங்கவில்லை. படகில் நாட்கணக்காய் ஊர்ந்த தூரத்தை ரயில் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு முடிக்கும் முன் கடந்தது, அதைச் சொல்லி ஒருமுறை சிரித்தேன். "வீடு மட்டும்" என்றாள் பிறகு. இரவு தன்னுடைய பழைய அறையில் படுத்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் சூரன்போர். கோயில் வாசலில் சனம் நெரிந்தது. சப்பாத்துக் கழற்றுகிற இடத்தில் அவள் நின்றாள். நானும் நின்றேன். உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. "வா" என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை என்று அந்த நேரம் தோன்றியது.

அவளுடைய போன் சத்தம் போட்டது. மனைவி அனுப்பின படம். படகின் தடியைப் பிடித்தபடி, கப்பல் கப்டன் போல நிமிர்ந்து நிற்கிறாள். பின்னால் ஒரு மதில், ஒரு விளம்பரப் பலகை, ஒரு கார் பார்க். கால்வாய் அதோடு முடிகிறதாம். ஸ்லவ் வந்து சேர்ந்தோம், வடிவான இடம், படகைக் கட்டிவிட்டு ரயிலில் கோயிலுக்கு வாறம் என்று எழுதியிருந்தாள்.

"வடிவான இடமாம்," என்று மகள் படத்தை எனக்குக் காட்டினாள்.

"உந்த மதிலைப் பாக்கவே இவ்வளவு பாடு?" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்தபடியே போனைப் பைக்குள் வைத்து, குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். சேறு காய்ந்து முடிச்சு இறுகிக் கிடந்தது. நான் குனிந்து மற்றக் காலின் நாடாவை அவிழ்த்தேன். அவளுடைய சப்பாத்தை என்னுடையதுக்குப் பக்கத்தில் வைத்தேன்.